பேச்சுவார்த்தை பழகுவோம்: மொசாம்பிக் தரும் பாடம்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் தூதராக, இத்தாலியின் பொலோஞ்ஞா பேராயர் கர்தினால் மத்தேயோ சூப்பி அவர்கள் உக்ரைன் தலைநகர் கியவ் சென்றார். அதே மாத இறுதியில் மாஸ்கோ சென்றார். ஜூலையில் வாஷிங்டனுக்கும், செப்டம்பரில் பெய்ஜிங்கிற்கும் பயணமானார். அவரது பயணங்களால் போர் நின்றுவிடவில்லை. ஆயினும், உக்ரைனிலிருந்து இரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளைத் திரும்பச் சேர்ப்பது, போர்க் கைதிகளைப் பரிமாறிக்கொள்வது ஆகியவை குறித்துப் பேச ஒரு வழி திறந்தது.

‘இதனால் என்ன பயன்? துப்பாக்கி பேசும் இடத்தில் ஓர் ஆயர் போய் என்ன பேச முடியும்?’ என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். திருத்தந்தை ஏன் இவரைத் தேர்ந்துகொண்டார் என்பதை அறிந்தால் இக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும். அதற்கு நாம் 30 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்று, ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டைப் பார்க்க வேண்டும்.

மொசாம்பிக் நமக்கு முற்றிலும் அந்நிய நாடு அல்ல. புனித பிரான்சிஸ் சவேரியார் 1541ஆம் ஆண்டு லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, சாதகமான காற்றுக்காக மொசாம்பிக் தீவில் பல மாதங்கள் தங்கி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அங்கிருந்துதான் கோவாவுக்கும், பின்னர் நமது முத்துக்குளித்துறைக்கும் வந்தார். 1612ஆம் ஆண்டு வரை மொசாம்பிக் பகுதி கோவா உயர்மறைமாவட்டத்தின் கீழ்தான் இருந்தது.

சண்டையின் வேர்கள்

மொசாம்பிக் 1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் போர்த்துக்கல்லிடமிருந்து விடுதலை பெற்றது. விடுதலைக்காகப் பத்தாண்டுகள் போராடிய ஃப்ரெலிமோ இயக்கம் ஆட்சிக்கு வந்து, மார்க்சிய வழியை ஏற்றது. திருஅவையின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அரசுடைமையாயின. வழிபாட்டுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. காலனி ஆட்சியோடு திருஅவை நெருக்கமாக இருந்தது என்ற கோபம் புதிய ஆட்சியாளர்களிடம் இருந்தது. அந்தக் கோபத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது.

சில ஆண்டுகளுக்குள் ரெனாமோ என்ற ஆயுதக் குழு உருவானது. முதலில் அன்றைய ரொடீசியாவின் உளவுத்துறையும், 1980க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசும் அதற்கு ஆயுதம் கொடுத்தன. எனவே அரசு அதை வெறும் கூலிப்படை என்றே கருதியது. அந்தக் குழு செய்த கொடுமைகள் அப்படிக் கருத நிறையவே இடம் கொடுத்தன. கிராமங்கள் எரிக்கப்பட்டன, பள்ளிகளும் மருந்தகங்களும் தகர்க்கப்பட்டன, சிறுவர்கள் கடத்தப்பட்டுக் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது.

ஆனால் வெளிநாட்டு ஆயுதம் மட்டும் ஒரு போரைப் பதினாறு ஆண்டுகள் நடத்திவிடாது. உள்ளே எரியும் பொருள் இருந்தது. ஃப்ரெலிமோ தலைவர்களில் பலர் நாட்டின் தெற்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள், நகரத்தில் படித்தவர்கள், போர்த்துக்கீசிய மொழியில் சிந்தித்தவர்கள். நாட்டை விரைவாக முன்னேற்ற வேண்டும் என்ற ஆர்வத்தில், கிராமங்களின் பாரம்பரியத் தலைவர்களின் அதிகாரத்தை நீக்கினார்கள். முன்னோர் வழிபாடு, மழைக்கான சடங்கு போன்றவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்கினார்கள். சிதறி வாழ்ந்த மக்களைக் கூட்டுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். மத்திய மொசாம்பிக்கின் கிராமத்து மனிதருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? ‘எங்கள் மூதாதையர் மண்ணையும், எங்கள் பெரியவர்களையும், எங்கள் பேச்சையும் மதிக்காத ஓர் அரசு’ என்றே தெரிந்தது.

ரெனாமோ தலைவர் அஃபோன்சோ த்லகாமா மத்திய மொசாம்பிக்கில், ஒரு பாரம்பரிய ஊர்த் தலைவரின் மகனாகப் பிறந்தவர். ஆக, இது கம்யூனிசத்துக்கும் அதன் எதிரிகளுக்கும் இடையிலான போர் மட்டும் அல்ல. ஒரே நாட்டுக்குள் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாத இரண்டு வாழ்க்கை முறைகள் மோதிய போருமாகும். ஏறக்குறைய 10 இலட்சம் பேர் போரிலும் பசியிலும் இறந்தனர். ஏறக்குறைய 17 இலட்சம் பேர் அண்டை நாடுகளுக்கு அகதிகளாக ஓடினர்.

ஒரே மொழி பேசிய இருவர்

‘கொள்ளைக்காரர்களோடு பேச்சு என்ன?’ என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தபோது, பேச வேண்டும் என்று முதலில் துணிந்து சொன்னவர்கள் அந்நாட்டின் ஆயர்கள். அவர்களது மேய்ப்புப்பணிச் சுற்றுமடல்களை அரசு விரும்பவில்லை. அவர்கள் எதிரிக்கு உதவுகிறார்கள் என்ற பழி வந்தது. மறுபுறம், ரெனாமோவும் மறைப்பணியாளர்களைக் கடத்தியது. இரு பக்கமும் அடிபட்ட நிலையில்தான் அவர்கள் பேசச் சொன்னார்கள்.

அவர்களுள் பெய்ரா பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ் முக்கியமானவர். அவர் 1988ஆம் ஆண்டு, காட்டுக்குள் இருந்த ரெனாமோ முகாமுக்கு மறைவாகச் சென்று த்லகாமாவைச் சந்தித்தார். இருவரும் ந்தாவு மொழி பேசும் ஒரே இனத்தவர். ‘வெளிநாட்டார் ஆட்டுவிக்கும் பொம்மை’ என்று கேள்விப்பட்டிருந்த மனிதர், தன் தாய்மொழியைப் பேசும் மண்ணின் மகனாகவும், போரினால் களைத்துப் போனவராகவும் பேராயருக்கு முன் இருந்தார். அடுத்த ஆண்டு, கத்தோலிக்கத் தலைவர்களும் ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானே போன்ற பிற சபைத் தலைவர்களும் சேர்ந்து, கென்யாவின் நைரோபியில் ரெனாமோவினரைச் சந்தித்தனர். இதை அதிபர் ஜோவாக்கிம் சிசானோ அறிந்திருந்தார். அரசு தன் கௌரவத்துக்காக நேரடியாகச் செய்ய முடியாததை, சபைகள் செய்தன.

அதிகாரம் இல்லாத நடுவர்கள்

இங்கேதான் சான் எஜிதியோ என்ற பொதுநிலையினர் குழுமம் வருகிறது. 1968ஆம் ஆண்டு உரோமையில், அந்திரேயா ரிக்கார்தி என்ற பள்ளி மாணவர் தன் நண்பர்களோடு தொடங்கிய குழுமம் இது. சேர்ந்து செபிப்பது, உரோமைப் புறநகர்களின் ஏழைகளோடு நட்பு கொள்வது, இவை இரண்டும்தான் அவர்களது தொடக்கப் பணி. கொன்சால்வெஸ் அவர்கள் உரோமையில் படித்த காலத்தில் இவர்களோடு நட்பு ஏற்பட்டது. அந்த நட்பின் வழியாக, 1980களில் பசியால் வாடிய மொசாம்பிக்கிற்கு இவர்கள் கப்பலில் உணவு அனுப்பினார்கள். உதவி செய்யப் போனவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள்: போர் நிற்காதவரை எத்தனை கப்பல் அனுப்பினாலும் போதாது.

1990ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், உரோமையின் த்ரஸ்தேவெரே பகுதியில், ஒரு பழைய துறவு மடத்தில் அமைந்த அக்குழுமத்தின் இல்லத்தில், இரு தரப்பினரும் முதன்முறையாக எதிரெதிரே அமர்ந்தனர். உடன் இருந்தவர்கள் நால்வர்: ரிக்கார்தி, அப்போது 34 வயது அருள்பணியாளராக இருந்த மத்தேயோ சூப்பி, பேராயர் கொன்சால்வெஸ், இத்தாலிய நாடாளுமன்ற உறுப்பினர் மாரியோ ரஃபாயெல்லி. இவர்கள் முதலில் பார்வையாளர்கள் மட்டுமே. யாரை நடுவராக ஏற்பது என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ஒருவர் சொன்ன அண்டை நாட்டை மற்றவர் நம்பவில்லை. கடைசியில், அறையில் ஏற்கனவே இருந்த இந்த நால்வரையே நடுவர்களாக ஏற்றுக்கொண்டார்கள்.

இது சிந்திக்க வேண்டிய ஒன்று. இவர்களிடம் படை இல்லை, பணம் இல்லை, மிரட்டும் வலிமை இல்லை. அதனால்தான் இவர்களைக் கண்டு யாரும் அஞ்சவில்லை. ஆனால் எல்லாவற்றையும் இவர்களே சாதித்தார்கள் என்றும் சொல்லக் கூடாது. பனிப்போர் முடிந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் மாற்றம் தொடங்கியிருந்தது. 1991-92ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில், இரு படைகளுக்கும் சோறு போட கிராமங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. இத்தாலிய அரசும், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளும், ஐக்கிய நாடுகள் நிறுவனமும் துணை நின்றன. கதவு திறக்கும் காலம் வந்தபோது, கதவருகே நம்பிக்கைக்குரியவர்கள் ஏற்கனவே இருந்தார்கள் என்பதே உண்மை.

27 மாதங்களில் கற்றுக்கொண்டவை

பேச்சுவார்த்தை 27 மாதங்கள் நீண்டது. 1992ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருவிழாவன்று, சிசானோவும் த்லகாமாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இந்த நீண்ட வழியிலிருந்து, பண்பாடுகளுக்கு இடையே சமரசம் செய்ய விரும்பும் எவரும் கற்க வேண்டியவை உண்டு.

முதலாவது, பெயர். அரசு தன் எதிரிகளை ‘ஆயுதம் தாங்கிய கொள்ளையர்’ என்றே அழைத்து வந்தது. அப்படி அழைக்கப்படுபவன் பேச வரமாட்டான். வந்தாலும், தன்னை மனிதனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லியே முழு நேரத்தையும் செலவிடுவான். முதல் சந்திப்பின் முடிவில் வெளியிட்ட கூட்டறிக்கையில், தாங்கள் ஒரே பெரிய மொசாம்பிக் குடும்பத்தின் உறுப்பினர்கள் என்று இரு தரப்பும் ஏற்றனர். சிறிய வாக்கியம்தான். பின்னர் எத்தனையோ முறை பேச்சு முறியும் நிலைக்கு வந்தபோது, திரும்பி வந்து நிற்க ஓர் இடத்தை அது கொடுத்தது.

இரண்டாவது, வரிசை. நம்மைப் பிரிப்பவற்றை ஒதுக்கி வைத்து, நம்மை இணைப்பவற்றை முதலில் தேட வேண்டும் என்பது திருத்தந்தை 23ஆம் அருளப்பரின் அறிவுரை. நடுவர்கள் அதையே பின்பற்றினர். யார் முதலில் சுட்டது என்ற கேள்வியோடு தொடங்கவில்லை. 1990 டிசம்பரில், இரண்டு போக்குவரத்துப் பாதைகளில் மட்டும் சண்டையை நிறுத்தும் சிறிய உடன்பாடு வந்தது. பிறகு அரசியல் கட்சிகளைப் பற்றியும், தேர்தலைப் பற்றியும் ஒவ்வொன்றாக உடன்பாடுகள் வந்தன. பிரித்தவை மறக்கப்படவில்லை, அவற்றைத் தாங்கும் அளவுக்கு நம்பிக்கை வளர்ந்த பிறகு எடுக்கப்பட்டன.

மூன்றாவது, பொறுமை. ஒரு பக்கம் இருந்தவர்கள் அரசு நடத்திப் பழகியவர்கள். சட்டமும் கோப்பும் அவர்களுக்குக் கைவந்தவை. மறுபக்கம் இருந்தவர்கள் காட்டிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவர்கள். எழுதிக் கொடுத்த தாளில் ஏதாவது சூழ்ச்சி இருக்குமோ என்று அஞ்சியவர்கள். அவர்கள் தாமதித்தபோது, வெளியிலிருந்து பார்த்தவர்கள் ‘ஏமாற்றுகிறார்கள்’ என்றார்கள். நடுவர்கள் அந்தத் தாமதத்துக்குப் பின்னால் இருந்த அச்சத்தைப் பார்த்தார்கள். துப்பாக்கியால் மட்டுமே மதிப்புப் பெற்றவர்கள், அதைக் கீழே வைத்த பிறகும் தங்களுக்கு மதிப்பு இருக்கும் என்று நம்ப வேண்டியிருந்தது. அதற்குக் காலம் தேவைப்பட்டது.

நான்காவது, மக்களின் சொந்த வழிகள். ஒப்பந்தம் தலைவர்களுக்கு இடையில் நடந்தது. ஆனால் கொலை செய்த சிறுவன் தன் கிராமத்துக்கு எப்படித் திரும்புவது? அங்கே பொது மன்னிப்புச் சட்டம் வந்ததே தவிர, உண்மையை வெளிக்கொணரும் ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை. பல கிராமங்களில், திரும்பி வந்தவர்களைப் பாரம்பரிய மருத்துவர்கள் தூய்மைச் சடங்கு செய்து, குடும்பத்தோடு மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். எந்த அரசு ஒரு காலத்தில் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியதோ, அதே கிராம மரபு போரின் காயத்தை ஆற்ற உதவியது. ஆயர் செங்குலானே தலைமையில் மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம் 1995ஆம் ஆண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. துப்பாக்கியை ஒப்படைப்பவர்களுக்கு மண்வெட்டி, மிதிவண்டி, தையல் இயந்திரம் போன்றவை தரப்பட்டன. ஒப்படைத்த துப்பாக்கிகளை வெட்டிக் கலைஞர்கள் சிற்பங்கள் செய்தார்கள். அவற்றில் ஒன்றான ‘ஆயுத அரியணை’ இன்றும் இலண்டனின் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக உள்ளது.

முடியாமல் போனவை

இந்த வரலாற்றை இத்துடன் நிறுத்தினால், அது பாதி உண்மைதான். 1994ஆம் ஆண்டுத் தேர்தலில் ஃப்ரெலிமோ 129 இடங்களும் ரெனாமோ 112 இடங்களும் பெற்றன. நாடாளுமன்றத்தில் ஏறக்குறையப் பாதி இடங்களைப் பெற்றவர்களுக்கு, ஆட்சியில் ஒரு மாநில ஆளுநர் பதவி கூடக் கிடைக்கவில்லை. இந்த மனக்குறை உள்ளே புகைந்தது. 2013ஆம் ஆண்டு மீண்டும் துப்பாக்கிகள் வெளியே வந்தன. 2018ஆம் ஆண்டு த்லகாமா இறந்த பிறகு, 2019 ஆகஸ்டில் புதிய சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாட்டுக்குச் சென்று, ஒப்புரவில் நிலைத்திருக்கக் கேட்டுக்கொண்டார்.

அதற்குள் வடக்கே வேறொரு நெருப்பு. காபோ டெல்காடோ மாநிலத்தில் 2017 அக்டோபரில் இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்றின் தாக்குதல்கள் தொடங்கின. அந்த மாநிலத்தில் மாணிக்கக் கற்களும், கடலடியில் பெருமளவு எரிவாயுவும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஆனால் கடற்கரை மீனவ இளைஞர்களுக்கு வேலை இல்லை. கடற்கரை முஸ்லிம் மக்களுக்கும், ஆளும் கட்சியோடு நெருக்கமான மேட்டுநில இனத்தவருக்கும் இடையே பழைய மனக்கசப்பு உண்டு. இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். 2022 செப்டம்பரில், 1963 முதல் அந்நாட்டில் பணியாற்றிய கொம்போனி சபை அருள்சகோதரி மரியா தே கோப்பி, அருகிலுள்ள நம்புலா மாநிலத்தில் தன் மறைப்பணித் தளத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிந்தைய கலவரங்களில், உள்நாட்டுச் சமூக அமைப்புகளின் கணக்குப்படி 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2025 மார்ச்சில் அதிபர் டேனியல் சாப்போவும், எதிர்ப்பை வழிநடத்திய வெனான்சியோ மொந்த்லானேயும் நேரில் சந்தித்து, வன்முறையை நிறுத்த உடன்பட்டனர். மீண்டும் ஒரு மேசை, மீண்டும் ஒரு பேச்சு.

அப்படியானால் 1992ஆம் ஆண்டு ஒப்பந்தம் தோல்வியா? இல்லை. பதினாறு ஆண்டுப் போரை அது நிறுத்தியது, அந்த அளவில் போர் பிறகு திரும்பவே இல்லை. ஆனால் கையெழுத்தோடு சமாதானம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் அது காட்டுகிறது. பேசித் தீர்த்த பிறகு பகிர்ந்துகொள்ளாவிட்டால், பேசியது வீணாகும்.

திருத்தூதர்கள் காட்டிய வழி

இதே பாடத்தைத் தொடக்கத் திருஅவையிலும் காண்கிறோம். எருசலேமில், கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது (திப 6:1-7). மொழியாலும் பழக்கவழக்கத்தாலும் வேறுபட்ட இரு குழுக்களின் தகராறு அது. திருத்தூதர்கள் ‘ஒற்றுமையைக் கெடுக்காதீர்கள்’ என்று அவர்களை அடக்கவில்லை. குறையைப் பொதுவில் கேட்டார்கள். எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு முதல் நிக்கொலா வரை அனைத்தும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்ட பக்கத்தாரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிகிறது. ஆறுதல் வார்த்தையோடு நிறுத்தாமல், பங்கீட்டு முறையையே மாற்றினார்கள். மொசாம்பிக்கில் 1994க்குப் பிறகு செய்யப்படாமல் போனது இதுதான்.

இதில் நமக்கும் எச்சரிக்கை உண்டு. எல்லாத் தகராறுகளும் பண்பாட்டு வேறுபாட்டால் வருபவை அல்ல. கல்லறையில் ஒரு சாராருக்குத் தனிச்சுவர் எழுப்புவதும், திருவிழாத் தேர் ஒரு தெருவுக்குள் வராது என்பதும் பண்பாடு அல்ல, அநீதி. அங்கே ‘இரண்டு பக்கமும் விட்டுக்கொடுங்கள்’ என்பது சமரசம் ஆகாது. அடிபட்டவரையே மீண்டும் பணியச் சொல்வதாகும். நீதியைத் தள்ளிவைத்த சமாதானம் நிலைக்காது என்பதைத்தான் மொசாம்பிக்கும் சொல்கிறது.

மறுபுறம், உண்மையாகவே பண்பாட்டு வேறுபாட்டால் வரும் உரசல்களும் நம்மிடையே பெருகி வருகின்றன. ஜார்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்துள்ள கத்தோலிக்கத் தொழிலாளர்கள் நம் நகர்ப் பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்கு வந்து பின்வரிசையில் நிற்கிறார்கள். அவர்களது மொழி நமக்குப் புரிவதில்லை. அவர்கள் கூட்டமாக நிற்பதும் பேசுவதும் சிலருக்கு இடைஞ்சலாகத் தெரிகிறது. அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? ‘வடக்கத்தியான்’ என்பதைத் தவிர வேறு பெயரால் அவர்களை நாம் அழைத்ததுண்டா? அவர்களில் ஒருவருக்குப் பங்குப் பேரவையில் இடம் உண்டா?

பேச்சுவார்த்தை என்பது தலைவர்களுக்கும் தூதர்களுக்கும் மட்டும் உரிய திறமை அல்ல. சான் எஜிதியோ இளைஞர்கள் அதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்கவில்லை. ஏழைகளின் வீடுகளுக்குப் போய், தங்களைப் போல் இல்லாதவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகினார்கள். அந்தப் பழக்கமே பின்னாளில் ஒரு போரை நிறுத்த உதவியது. அதை நம் அன்பியக் கூட்டங்களிலும், குடும்பங்களிலும் நாமும் தொடங்கலாம்.

நம் சிந்தனைக்கு:

1. நாம் பேச மறுக்கும் ஒருவரை, ஒரு குழுவை, எந்தப் பெயரால் அழைக்கிறோம்? அந்தப் பெயரை விட்டுவிட நாம் தயாரா?

2. நம் பங்கில் யாருடைய முணுமுணுப்பு இன்னும் கேட்கப்படாமல் இருக்கிறது?

3. சமாதானம் பேசியபின், பொறுப்பையும் மரியாதையையும் பகிர்ந்துகொண்டோமா, அல்லது கைகுலுக்கியதோடு நிறுத்திவிட்டோமா?

சிந்திப்போம். முதல் வார்த்தையை நாமே பேசுவோம்.